தேர்தல் நேரத்தில் பங்குகளை என்ன செய்வீர்கள்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். 2024 ஜூன் 3 அன்று எக்சிட் போலை நம்பி சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியதே, அந்தக் குஷியில் நானும் ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கை வாங்கினேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பாஜகவுக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் 4,389 புள்ளி சரிவு, கிட்டத்தட்ட 6 சதவீதம். டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் விற்றும்விட்டேன். கூட்டணி உறுதியானது, 7ஆம் தேதியே சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டி முடிந்தது. வயிற்றெரிச்சல்!

அப்புறம்தான் பழைய தேர்தல் கதைகளைப் படித்தேன். 2004 மே 17 அன்று சரிவு தாங்காமல் வர்த்தகத்தையே இருமுறை நிறுத்தியிருக்கிறார்கள். 2009 மே 18 அன்று நேர்மாறு, ஒரே நாளில் 17 சதவீத ஏற்றம். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதுதான் சந்தையை ஆட்டுகிறது என்று எனக்குப் படுகிறது. சரிதானா?

2029 தேர்தல் சமயத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். எத்தனை மாதம் முன்பிருந்து எஃப்டிக்கு மாற்ற ஆரம்பிக்கலாம்? இந்தியா விக்ஸ் (சந்தை எவ்வளவு ஆட்டம் காணும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டும் குறியீடு) ஏறுவதை வைத்து முடிவெடுப்பவர்கள் உண்டா? புட் ஆப்ஷன் (விலை சரிந்தாலும் முன்பே குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்கலாமென்றால் அந்த நேரத்தில் அதற்குக் கட்டும் பிரீமியம் எகிறிவிடுகிறதே. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். டெலிகிராம் டிப்ஸ் மட்டும் வேண்டாம்.