இங்கிள்நுக் ஷன்டிங் லேஅவுட்டுக்கு எந்த பாயிண்ட் வாங்கலாம்?

மாடல் ரயில் லேஅவுட் ஒன்று கட்டுகிறேன்: ஓஓ கேஜ் (மாடல் அளவு), 16.5 மி.மீ. தண்டவாளம், 130 செ.மீ. பலகை. வேகன்களை முன்பின் தள்ளி வரிசைப்படுத்தும் (ஷன்டிங்) புதிரான ஆலன் ரைட்டின் இங்கிள்நுக் அமைப்புதான்: 5, 3, 3 வேகன் நிற்கும் மூன்று சைடிங் (கிளைத் தடம்), எஞ்சினும் 3 வேகனும் அடங்கும் ஹெட்ஷன்ட் (தடம் மாற முன்னே போய் நிற்கும் தடம்). பாயிண்ட், அதாவது தடம் பிரியும் துண்டு, இரண்டே போதும். அந்த இரண்டில்தான் குழப்பம்.

பெக்கோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் வரிசையில் ஸ்மால் ரேடியஸ் (வளைவின் ஆரம்) 610 மி.மீ., நீளம் 185. மீடியம் 914 மி.மீ., நீளம் 219. மீடியம் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 68 மி.மீ. போய்விடும், கிட்டத்தட்ட ஒரு வேகன் இடம். ஸ்மால் போட்டால், பின்னோக்கித் தள்ளும்போது வளைவில் பஃபர்கள் (வேகன் முனையிலுள்ள இடிதாங்கிகள்) ஒன்றோடொன்று மாட்டி வேகன் தடம் புரளுமோ என்று பயம். இடது, வலது பாயிண்ட்டை ஒட்டி வைத்தால் எஸ் வளைவு வேறு.

ஃப்ராக் (பாயிண்ட்டில் இரண்டு உள் தண்டவாளங்கள் சேரும் முனை) விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு சக்கர ஷன்டர் எஞ்சின் பிளாஸ்டிக் ஃப்ராக் மேல் மெதுவாகப் போனால் நின்றுவிடும், ஆகவே மின்சாரம் பாயும் ஃப்ராக்தான். ஃப்ராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளத்திலும் இன்சுலேட்டட் ஜாய்னர் (கரன்ட் கடத்தாத இணைப்பு) போடுவேன். பாயிண்ட்டின் நகரும் நாக்குத் தண்டவாளம் தொடும் இடத்தில் பெயின்டோ தூசியோ படிந்தால் கரன்ட் போகாது என்பதால் ஃப்ராக்குக்குக் கரன்ட் தர மைக்ரோ சுவிட்ச்சும் உண்டு.

டென்ஷன் லாக் கப்ளிங்கோடு (வேகன்களை இணைக்கும் ஒரு வகைக் கொக்கி) ஸ்மால் ரேடியஸில் ஷன்டிங் செய்பவர்கள் சொல்லுங்கள்: மூன்று வேகனைத் தள்ளும்போது தடம் புரள்கிறதா? இரண்டு பாயிண்ட்டுக்கும் நடுவே எத்தனை மி.மீ. நேர்த்துண்டு விட்டீர்கள்?