டைல்ஸ் போட வந்த பையனுக்குப் பேப்பர் கப்: மாமிகிட்ட எப்படிப் பேச?

களியக்காவிளை மருமகள்:
பின்கட்டில் டைல்ஸ் வேலை நடக்குது. வந்த பையன் மேற்கு வங்காளம், முர்ஷிதாபாத். கேரளத்துப் பாறசாலையில் மூணு வருஷம் வேலைக்கு நின்றதால் தமிழைவிட மலையாளம் நல்லா வரும். வயரிங்குக்கு வந்த மார்த்தாண்டத்துக்காரருக்கு மாமி கண்ணாடி கிளாஸில் சாயா கொடுத்தாவ. இவனுக்கு மட்டும் பேப்பர் கப். அதையும் கையில் கொடுக்காமல் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு வந்தாவ. அவன் குடித்து முடித்து, கப்பைக் கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டான்.

மாமி ஈரமில்லாதவங்க இல்லை. எனக்கு டெங்கு வந்தப்ப ராத்திரி பூரா உட்கார்ந்து கஞ்சி தந்தாவ. அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்குது. மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதுக்காக நம்ம பெண்கள் அடிபட்டதும், 1859-ல திருவிதாங்கூர் ராஜா அனுமதி கொடுத்தப்பகூட உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாதுன்னு நிபந்தனை போட்டதும் எனக்கு மாமி சொல்லித்தான் தெரியும்.

குழித்துறை வாசகர்:
சகோதரி, இது காய்ச்சல் காலம். சுத்தத்துக்காகவும் இருக்கலாம். வயசானவங்களுக்கு வசனம் சொல்லப் போனா சண்டைதான் மிஞ்சும்.

களியக்காவிளை மருமகள்:
சுத்தம்னா வயரிங்காரருக்கும் பேப்பர் கப் தானே அண்ணா?

ஓய்வுபெற்ற உபதேசியார்:
மகளே, இதுக்கு எல்லாரும் வேதாகமத்துல யாக்கோபு 2 சொல்வாங்க, பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்த கதை. நான் யோவான் 4 சொல்றேன். சீகார் ஊர்க் கிணத்தடி, உச்சி வெயில். யூதரும் சமாரியரும் ஒட்டுறவில்லாத காலம். இயேசுகிட்ட மொள்ளப் பாத்திரம் இல்லை. குடிக்கணும்னா தண்ணி மொள்ள வந்த சமாரியப் பெண்ணோட குடத்துத் தண்ணிதான். அதைக் கேட்டார். அவளே திகைச்சுப் போனா. நாம கொடுக்கிறதையே நினைக்கிறோம். கொடுக்கிறப்ப நம்ம கை மேலதான் இருக்கும். மாமியை விடு. நீ அந்தப் பிள்ளைகிட்ட ஏதாவது கேட்டு வாங்கினியா? பேராவது கேட்டியா?

களியக்காவிளை மருமகள்:
பேருகூடக் கேட்கலை ஐயா. நீங்க எழுதினதைப் படிச்சதும் வெட்கமாப் போச்சு. நேத்து கேட்டேன். பதினோரு மணிக்கு அவன் டப்பாவைத் திறந்து, பொரியில் வெங்காயமும் பச்சமிளகும் அரிந்து போட்டு, சின்னக் குப்பியிலிருந்து கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தான். எனக்கும் கொஞ்சம் தருவியான்னு மலையாளத்தில் கேட்டேன். கையை லுங்கியில் ரெண்டு தடவை துடைச்சுட்டு, டப்பா மூடி நிறைய வச்சு நீட்டினான். எண்ணெய்க் காரம் மூக்கில் ஏறிக் கண்ணு கலங்கிட்டு. அவன் சிரிச்சதை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

மாமி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கிட்டே இருந்தாவ. ஒண்ணும் சொல்லலை. சாயங்காலமும் பேப்பர் கப்தான் வந்தது. ஆனா கல்லில் வைக்கலை, கையில் கொடுத்தாவ. ராத்திரி ஜெபம் முடிஞ்சு பாயைச் சுருட்டும்போது, "அது என்ன எண்ண பிள்ளே, அந்த மணம் மணத்துச்சு?"ன்னு கேட்டாவ.