பழைய ராணுவ பிஎஸ்ஏ எம்20: வரலாறும் கையேடும் தேடுகிறேன்

நண்பர்களே, இரண்டாம் உலகப்போர் காலத்து பிஎஸ்ஏ எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 496 சிசி, சைடு வால்வு, ஒற்றை சிலிண்டர். பிரிட்டிஷ் ராணுவம் ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கிய வண்டி என்பதால் ஆவணம் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

பெட்ரோல் டேங்கில் நாலைந்து அடுக்கு பெயின்ட். பொறுமையாகச் சுரண்டியபோது, அடியில் வெள்ளை எழுத்தில் 'சி', அதன்பின் சில இலக்கங்கள். ராணுவப் பதிவு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்களுக்கு 'சி' போடுவது அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கம். கடைசி இரண்டு இலக்கங்கள் சுரண்டலோடு போய்விட்டன. (என் அவசரம்தான், வேறென்ன.) இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் வேறு வேறு. ராணுவப் பட்டறைகளில் இன்ஜினை மாற்றிப் போடுவது சகஜம் என்பதால் அதில் கவலையில்லை. ஆனால் வண்டியின் ஆண்டை எதை வைத்துச் சொல்வது?

ஃபிரேம் எண்ணிலிருந்து, ராணுவம் வண்டி வாங்கிய ஒப்பந்தத்தின் எண்ணையும், அதிலிருந்து பதிவு எண் வரிசையையும் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த ஆவணக் காப்பகத்துக்கு எழுதினீர்கள்?

அப்புறம் கையேடு. போருக்குப் பிந்தைய சிவிலியன் பதிப்பு வேண்டாம். ராணுவத்துக்கென அச்சிட்ட பராமரிப்புக் கையேடும், படத்துடன் கூடிய உதிரிபாகப் பட்டியலும்தான் தேவை. ரப்பர் தட்டுப்பாட்டில் கைப்பிடிக்கு கேன்வாஸ் உறை போட்ட காலத்துப் பதிப்பு என்றால் இன்னும் நல்லது. ஸ்கேன் பிரதி போதும்.