கரண்ட் போன ராத்திரி உங்க நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் சேமிக்கிற டிஸ்க் பெட்டி) என்ன பண்ணுச்சு?

தூங்காத_தட்டு:
சொன்னா சிரிப்பீங்க. நாலு டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி பிரிச்சு எழுதுற முறை), யுபிஎஸ், எல்லாம் இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு. யுபிஎஸ் பீப் பீப்னு கத்துச்சு. எழுந்து பாத்துட்டு, அதான் யுபிஎஸ் இருக்கேன்னு திரும்பிப் படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல பீப் ஒரே இழுவையா இழுத்து நின்னுச்சு. அப்புறம் நாலு டிஸ்க்கும் ஒண்ணா வேகம் குறைஞ்சு ஊஊ...ன்னு இறங்குற சத்தம். அது இன்னும் காதை விட்டுப் போகல.

காலையில வால்யூம் மவுண்ட் ஆகல, அதாவது ஒரு ஃபைலும் திறக்கல. யுபிஎஸ் பேட்டரியில ஓடுதுன்னு நாஸுக்கு யாரு சொல்லுவா? அதைச் சொல்ற யுஎஸ்பி கேபிள், பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காம அட்டைப்பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. ஃபைல் சிஸ்டம் செக் ஓட்டினதுல பெரும்பாலும் வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி காப்பி ஆகிட்டிருந்த ஃபோல்டர் மட்டும் போச்சு.

மூணாவது_பே:
எனக்குக் கரண்ட்டே போகல, நானே புடுங்கிட்டேன். மூணாவது டிஸ்க் பழுதுன்னு மெயில் வந்துச்சு. டிஸ்க் சொருகுற பே மேல நம்பர் கிடையாது. நான் வலது பக்கத்துலேர்ந்து எண்ணிட்டேன். உருவி லேசா சாய்ச்சதும் டிஸ்க் கையை முறுக்கிச்சு பாருங்க, உள்ள ஏதோ உயிர் இருக்கிற மாதிரி! அப்பவே புரிஞ்சுது, இது நல்ல டிஸ்க்னு. உடனே திரும்பச் சொருகினா தானா சேந்துரும்னு நெனச்சேன். சேரல. ரெய்டு 5-ல ரெண்டு டிஸ்க் போனா என்னன்னு உங்களுக்கே தெரியும். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து டிஸ்க்கையெல்லாம் கட்டாயமா ஒரே ரெய்டா அசெம்பிள் பண்ணித்தான் டேட்டா திரும்ப வந்துச்சு.

ஸ்க்ரப்_சாமி:
முறுக்கினதால் நல்ல டிஸ்க் என்று முடிவு கட்டியது தவறு. பேட் செக்டர் (படிக்க முடியாத இடம்) வந்த டிஸ்க்கும் ஜோராகச் சுற்றும். பார்க்க வேண்டியது சீரியல் நம்பர். டிஸ்க் வாங்கும்போதே நம்பரின் கடைசி நாலு எழுத்தைத் தட்டின் முகப்பில் ஒட்டி வைத்துவிட்டால் எண்ண வேண்டிய வேலையே இல்லை. என் கதை சின்னது: யுபிஎஸ் 100 சதவீதம் காட்டியது, சுவர் பிளக்கைப் பிடுங்கியதும் பத்து நொடியில் படுத்துவிட்டது. அதற்குள் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் அதன் ஆயுசு. அதனால் "பேட்டரி குறைந்தால் அணை" என்று நாஸில் வைக்காதீர்கள், "கரண்ட் போய் இத்தனை நிமிஷத்தில் அணை" என்று வையுங்கள். கிழட்டு பேட்டரி சொல்லும் சதவீதம் வெறும் ஜோசியம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 என்ற மூன்று வரிகளில் (கெட்ட செக்டர் கணக்கு) எது ஏற ஆரம்பித்தாலும் மாற்று டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள்; இல்லையென்றால் யாரும் தொடாத ஃபைலுக்கு அடியில் இருக்கும் கெட்ட செக்டர் ரீபில்டு (மாற்று டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்பக் கட்டுவது) நடுவில்தான் தலைகாட்டும். நாஸ் உறைந்தது போலத் தெரிந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொல்லாதீர்கள். டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் அது இன்னும் படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கிறது. ஃபேன் தூசியை பிளக்கைக் கழற்றிவிட்டு எடுங்கள், இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. இன்னொன்று, ரெய்டு என்பது பேக்கப் அல்ல...

மூணாவது_பே:
சாமி, நான் டிப்ஸ் கேட்டேனா? ரெய்டு பேக்கப் இல்லன்னு எனக்கும் தெரியும். அந்த வாரம் பேக்கப் எடுக்கல, அவ்ளோதான். ஆனா உங்க சொந்தக் கதை ரெண்டு வரியைத் தாண்டலையே!

பன்னிரண்டு_வோல்ட்:
சண்டைக்கு நடுவுல என்னோடதும். ரெண்டு டிஸ்க் நாஸ். ஆன் பண்ணா ஊ...ன்னு ஏறும், டிக்னு ஒரு சத்தம், விளக்கு அணையும், மறுபடி முதல்லேர்ந்து. டிஸ்க்தான்னு ரெண்டையும் மாத்தினேன், புதுசும் அதே டிக். மூணு நாள் கழிச்சு மேசைக்கு அடியில படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு அடாப்டர்ல இருந்த பொடி எழுத்தைப் படிச்சேன்: 12 வோல்ட், 3 ஆம்பியர். மானிட்டரோட அடாப்டர்! நாஸோடது 5 ஆம்பியர். சுத்த ஆரம்பிக்கிற அந்த சில நொடியில ஒரு 3.5 அங்குல டிஸ்க்கே 2 ஆம்பியர் கிட்ட இழுக்கும், ரெண்டு சேந்தா எங்க தாங்கும்? பின் கச்சிதமாப் பொருந்தினதால சந்தேகமே வரல. அது 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரா இல்லாமப் போனது என் அதிர்ஷ்டம்.

தூங்காத_தட்டு:
கேபிளைச் சொருகிட்டேங்க. சாமி சொன்ன மாதிரி அஞ்சு நிமிஷம் வச்சு, பகல்லயே சுவர் பிளக்கைப் புடுங்கிப் பாத்தேன். அழகா தானா அணைஞ்சுது. ஆனா பிளக்கைத் திரும்பப் போட்டும் எழுந்திரிக்கல. கரண்ட் வந்தா தானா ஆன் ஆகணும்னு செட்டிங்லயும் டிக் பண்ணியிருக்கேன். ஏன்?

பன்னிரண்டு_வோல்ட்:
யுபிஎஸ் அணையவே இல்லையே, நாஸைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்ல. நாஸ் அணையும்போது யுபிஎஸ்ஸையும் அணைக்கச் சொல்ற டிக் ஒண்ணு அதே பக்கத்துல இருக்கான்னு பாருங்க.