அம்மப்பாட சீவுளியில கோழிக்கால் மாதிரி ஒரு அடையாளம், இது என்ன, விலை என்ன பெறும்?

சாம்பல்தீவான்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மப்பா மோசம் போய் ஆறு வருசம், அவர்ட தச்சுப்பெட்டி கொட்டிலுக்க கறள் பிடிச்சுக் கிடக்கு. பழைய இரும்பு எடுக்கிறவர் முழுப்பெட்டிக்கும் 2000 ரூபா தாறன் எண்டு வாசல்ல நிக்கிறார், எனக்குக் குடுக்க மனமில்ல. ஒரு இரும்புச் சீவுளி, நீட்டு 14 அங்குலம், நீலப் பெயின்ற் கொஞ்சம் மிச்சம், முன்பக்கம் 05 எண்டு இருக்கு. பக்கத்தில மூண்டு கோடு, கோழிக்கால் மாதிரி. ரெண்டு உளியில காஸ்ட் ஸ்டீல் எண்டு அடிச்சிருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உப்புவெளி மரவேலை:
தம்பி முதல்ல அவரை அனுப்பிவிடுங்க. நீலமும் முன்னுக்குப் பூச்சியமும் எண்டா அது ரெக்கோர்ட் எண்ட கொம்பனிச் சீவுளி, இங்கிலாந்து ஷெஃபீல்டில 1931-ல இருந்து செய்தவங்க, அமெரிக்க ஸ்டான்லி கொம்பனிட 5-ஆம் நம்பர் சீவுளியப் பாத்துச் செய்ததுக்கு 05 எண்டு போட்டாங்க. கோழிக்கால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கு அடிக்கிற அம்புக்குறி. இங்க திருகோணமலையில டொக்யாட், அதுதான் கடற்படைத் தளம், 1957 வரைக்கும் அவங்கட கையில இருந்தது, ஆனா அம்பு மட்டும் வச்சு டொக்யாட் சாமான் எண்டு சொல்லேலாது, தரைப்படை விமானப்படைச் சாமானிலயும் அதேதான்.
விலை அம்பில இல்ல, வாயில இருக்கு. அலகு வெளிய வாற அந்த வாய்க்கு ரெண்டு பக்கமும் வெடிப்பு இருந்தா பாதி விலையும் வராது. மண்ணெண்ணெயில கழுவி, மெல்லிசா எண்ணெய் பூசி ஒரு மணித்தியாலம் விட்டு நல்லாத் துடைச்சுப்போட்டு சோக்குத் தூள் தூவுங்க, வெடிப்பு இருந்தா எண்ணெய் கசிஞ்சு கறுப்புக் கோடு விழும். பிறகு அலகைக் கழட்டி துளைக்குக் கீழ எவ்வளவு மிச்சம் எண்டு அளந்து பாருங்க, தீட்டித் தீட்டித் தேய்ஞ்சிருந்தா புது அலகுச் செலவைக் கழிக்கோணும். கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டு மட்டும் மினுக்கிப் போடாதீங்க, அந்த நீலம் போனா சேகரிக்கிறவன் திரும்பியும் பாக்க மாட்டான்.

பாலையூற்று அக்கா:
காஸ்ட் ஸ்டீல் எண்டா வார்ப்பிரும்பு இல்ல தம்பி, மூசையில உருக்கின நல்ல எஃகு. எங்கட அப்பா அப்பிடி ஒரு உளிய வேற ஆருக்கும் தொடக் குடுக்க மாட்டார். பின்பக்கம் கறள் குழி குழியா அரிச்சிருக்கா பாருங்க, நுனிக்குக் கிட்டக் குழி இருந்தா கூர் நிக்காது.

சாம்பல்தீவான்:
சோக்கு வெள்ளையாவே இருக்கு! துளைக்குக் கீழ ஒண்டே முக்கால் அங்குலம் மிச்சம். ஒரு உளியில மட்டும் குழி. கழுவேக்க இன்னொண்டும் கண்டன், அந்த அம்புக்கு நேர எதிர இன்னொரு அம்பு, ரெண்டு நுனியும் முட்டிக்கொண்டு இருக்கு. அம்மம்மாவிட்டக் கேட்டா ஏலத்தில எடுத்தது எண்டு மட்டும் சொல்லுறா.

உப்புவெளி மரவேலை:
அம்மம்மா சொல்லுறது சரி தம்பி. நுனி முட்டின ரெண்டு அம்பு எண்டா அரசாங்கம் வித்துக் கழிச்சது எண்டு அர்த்தம். அந்த ரெண்டு அம்பையும் கிட்ட வச்சு வெளிச்சத்தில ஒரு படம் எடுத்து வச்சுக்கொண்டு பிறகு விலை பேசுங்க.

சாம்பல்தீவான்:
படம் எடுத்தாச்சு அண்ணன். சீவுளிய விக்கேல்ல. குழி இல்லாத உளியையும் வச்சிருக்கப் போறன்.