மாதிரி இழுவைக் கப்பலில் ஆட்களை எப்படி வைப்பது?

சாட்ஸ்வர்த்_தச்சன்:
டர்பன் துறைமுக அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட ஜே.ஆர். மோர் நீராவி இழுவைக் கப்பலை 1:48 அளவில் செய்துகொண்டிருக்கிறேன், ரிமோட்டில் ஓடும். வெளிவேலை முடிந்தது, ஆனால் ஆள் இல்லாமல் பேய்க்கப்பல் போலத் தெரிகிறது. கடையில் வாங்கிய 5 செ.மீ. பொம்மை சுக்கான் அறைக் கதவுக்குள்ளேயே நுழையவில்லை. என்ன செய்யலாம்?

பழைய_ஃபிட்டர்:
தம்பி, 170 செ.மீ. ஆள் 1:48-இல் மூன்றரை செ.மீ.தான் வருவார். உங்கள் பொம்மை எட்டடி ராட்சசன்! 'ஓ' (O) என்ற அளவு மாதிரி ரயிலுக்கு விற்கும் ஆட்களைத் தேடுங்கள், அமெரிக்க ஓ சரியாக 1:48, பிரிட்டிஷ் ஓ கொஞ்சம் பெரிது, உட்கார வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ரயில் பயணி பொம்மையின் கையை வெட்டித் திருப்பி ஒட்டினால் கயிறு இழுப்பவர் ஆகிவிடுவார். எல்லாரையும் விறைப்பாக நிறுத்தாதீர்கள், ஒருவர் கம்பியில் சாய்ந்திருக்கட்டும், ஒருவர் குந்தியபடி டீ குடிக்கட்டும்.

டோங்காட்_அக்கா:
எடையைப் பாருங்கள் தம்பி. சுக்கான் அறை உயரத்தில் இருக்கிறது, அங்கே ஈய ஆட்களை வைத்தால் திரும்பும்போது கப்பல் சாயும். நான் அப்படித்தான் ஒரு மீன்பிடிப் படகைக் குளத்தில் கவிழ்த்தேன், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும் போச்சு. பிளாஸ்டிக் ஆட்கள் போதும். உள்ளே சுக்கான் சக்கரம், இயந்திரத் தந்தி (இயந்திர அறைக்கு உத்தரவு அனுப்பும் கருவி), வெளிர் நிறச் சுவர், அவ்வளவுதான், சன்னல் வழியே வேறெதுவும் தெரியப் போவதில்லை. சன்னலுக்கு சூப்பர் குளூ வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். அப்புறம், கூரையை ஒட்டிவிடாமல் சின்னக் காந்தம் வைத்து மூடுங்கள்.

சாட்ஸ்வர்த்_தச்சன்:
நன்றி அக்கா. கூரையை நேற்றுதான் ஒட்டினேன். சரி, கத்தியைத் தேடுகிறேன்.