ஆறாம் வகுப்பு வயதில் பண்டைய வரலாறு: நாங்கள் எடுத்ததும் ஒதுக்கியதும்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பண்டைய வரலாறு சொல்லித்தர எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் மகளுக்கும் அதே வயதுதான், சென்னையில் இருக்கிறோம். எங்களுக்கு எது ஒத்துவந்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு நிம்மதி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவே குறைந்தது 14 வயது ஆக வேண்டும். அதனால் இப்போது எதையும் ஓட்டமாக ஓடி முடிக்க வேண்டியதில்லை, உடைந்த பானைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது சிந்துவெளிப் பக்கங்களை. ஆரியர் படையெடுத்து வந்து மொகஞ்சதாரோ மக்களைக் கொன்று குவித்தார்கள் என்று இருந்தால் அப்போதே மூடிவிடுவேன். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் சொன்ன அந்தப் படுகொலைக் கதைக்கு ஆதாரம் நிற்காது, அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை கூட அல்ல என்று இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964லேயே எழுதிவிட்டார். அதே மாதிரி, சிந்துவெளி எழுத்தைப் படித்தாகிவிட்டது என்று அடித்துச் சொல்கிற எதையும் பிள்ளை கையில் தருவதில்லை. படித்தாகியிருந்தால் படித்துக் காட்டுபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்திருக்குமா? குமரிக்கண்டம், இருபதாயிரம் வருடம் என்று ஓடுகிற வீடியோக்களும் இந்தக் கணக்கில்தான். தமிழ் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தாலேயே சொல்கிறேன், அவை வேண்டாம்.

அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென்று வருகிற பாடத்தொகுப்பு ஒன்றைத் தோழி பார்க்கக் கொடுத்தாள். தாளும் படமும் அருமை. ஆனால் கிரேக்கமும் ரோமும் பாதிப் புத்தகம், இந்தியா சில பக்கம், உலகம் தோன்றிய வருடத்தை பைபிளிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த விலைக்கு அது தேவையே இல்லை. அடிப்படைக்குத் தமிழக அரசின் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் போதும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முதல் பருவத்திலேயே வரலாறு என்றால் என்ன என்பதில் தொடங்கி சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் வரை வந்துவிடுகிறது. எகிப்து, மெசபடோமியா, சீனாவுக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பண்டைய நாகரிகங்கள் பாடத்தை எடுத்து, கடினமான பத்திகளை நானே எளிமையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பாடப்புத்தகம் எலும்புக்கூடு மட்டும்தான். பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தது அந்தக் காலத்து ஆட்களே விட்டுப்போன பொருட்களும் எழுத்தும். இன்றைய ஈராக்கில் இருந்த 'ஊர்' (Ur) என்ற பண்டைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 1750, உள்ளங்கை அளவுதான். நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற வியாபாரிக்கு எழுதியது: மட்டமான செம்பைக் காட்டினாய், என் ஆளை அவமதித்தாய், என்னை யாரென்று நினைத்தாய் என்று ஒரே திட்டு. படத்தை இணையத்தில் காட்டி விஷயத்தைச் சொன்னதும் மகள் அன்று முழுக்க அதையே பேசினாள், அப்புறம் தானாகவே "அந்தச் செம்பு எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டாள். அங்கிருந்து வரைபடத்தை விரித்து தில்முன் (இன்றைய பஹ்ரைன் பக்கம்), மெலுகா (சிந்துவெளி என்று கருதப்படுவது) என்று போய், அதே 'ஊர்' நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளி மணிகள் வந்து சேர்ந்த கதையில் நின்றோம்.

கீழடிக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள், மதுரையிலிருந்து பக்கம்தான், 2023இல் திறந்த அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. அங்கே போகும் முன்பே தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையைக் கொஞ்சம் படித்துவைத்துக்கொள்ளுங்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றுக்கு கி.மு. 580 என்று காலம் வந்தது, அதுதான் பெரிய செய்தியானது. ஆழம் ஏன் முக்கியம், கரியை வைத்து எப்படிக் காலம் சொல்கிறார்கள், ஒரே ஒரு மாதிரியை மட்டும் வைத்து எவ்வளவு சொல்லலாம் என்று இந்த ஒரு எண்ணிலேயே மூன்று பாடம் இருக்கிறது. "குவிரன் ஆத" என்று கீறிய பானைத் துண்டைப் பார்த்து "ராஜாவாம்மா?" என்றாள். தெரியாதுடா, பானையில் பேர் எழுதி வைத்திருந்த ஒரு ஆள், அவ்வளவுதான் தெரியும் என்றேன்.

இன்னொன்று மிளகு. அகநானூறு 149இல் யவனர் கப்பல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தைச் சொல்கிறது, கறி என்றால் இங்கே மிளகு. ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் ஒரு பவுண்டு கருமிளகு நான்கு தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று எழுதி வைத்திருக்கிறார். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் ஒரு கோயிலில் புதைந்திருந்த சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. பாட்டு, விலை, பொருள் மூன்றும் ஒன்றையொன்று உறுதிசெய்கிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள், செலவே இல்லாத பாடம்.

காலக்கோட்டுக்குக் கடைகளில் பில் போடுகிற காகிதச் சுருள் ஒன்று போதும். பத்து வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் கி.மு. 3000 முதல் இன்றுவரை ஐந்து மீட்டர், ஹால் சுவரில் அடங்கிவிடும். அதே கணக்கில் சென்னைக்குப் பக்கத்தில் நம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள், பதினைந்து லட்சம் ஆண்டுகள், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி! அது எங்கள் தெருவில் எங்கே வரும் என்று நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்து சீனாவின் ஷாங் அரச வம்சக் காலத்து ஆரூட எலும்புகளை, அதாவது குறி பார்க்கக் கேள்விகளைக் கீறிவைத்த எலும்புகளை, பாடமாக எடுக்கப் போகிறோம். இந்த வயதுப் பிள்ளை தானே படிக்கிற மாதிரி தமிழில் ஏதாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கிவிடுகிறேன்.